தாத்தாவின் 1974ஆம் ஆண்டு கோர்ட் கட்டைத் தேடுகிறேன்: யாரிடம், எப்படிக் கேட்பது?

செம்பவாங் பேத்தி
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் சாயம் அடிக்கும் வேலை பார்த்தவர். 1968ல் அது கப்பல் பட்டறை ஆன பிறகும் அங்கேயே இருந்தார். 1974ல் காலமானார். உயில் எழுதி வைத்திருந்தார் என்றும், அதைக் கோர்ட்டில் கொடுத்துப் புரோபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்கியதாகவும் அப்பா சொல்கிறார். அப்போது அப்பாவுக்கு 28 வயது, இப்போது 79.

மன்னார்குடிப் பக்கம் தாத்தா பெயரில் ஒரு மனையும் கொஞ்சம் நஞ்சையும் இருக்கின்றன. பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். இப்போது பெயர் மாற்றலாம் என்றால், சிங்கப்பூரில் உயில் நிரூபணம் ஆன காகிதத்தைக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். ஈசூன் வீட்டுக்குக் குடிவந்தபோது தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரு வக்கீல் கடிதம். அதிலும் மடிப்பு விழுந்த இடம் கிழிந்து, எண் போய்விட்டது. 'ஆஃப் 1974' என்பது மட்டும் தெரிகிறது.

ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "அவ்வளவு பழையது இருக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. இப்படித் தேடி எடுத்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

தேக்கா தம்பி
திங்கள், இரவு 10.05

அக்கா, இந்தியாவில் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டால் வழக்கு வந்துவிடுகிறதே? இங்கேயும் நீதிமன்றத் தளத்தில் பெயர் போட்டுத் தேடிப் பாருங்கள். எல்லாம் இலவசம்தான்.

பழைய குமாஸ்தா
செவ்வாய், காலை 6.20

தம்பி சொன்னதை முதலில் திருத்திவிடுகிறேன். அதை நம்பித் தேடி, ஒன்றும் வரவில்லை என்று கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவின் இ-கோர்ட்ஸ் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண் உண்டு, பெயர் போட்டும் தேடலாம். சிங்கப்பூர் நீதிமன்றத் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, வரும் நாள்களின் விசாரணைப் பட்டியல். மற்றது, நீதிபதி காரணம் எழுதி வெளியிட்ட தீர்ப்புகள். எல்லா வழக்குக்கும் நீதிபதி தீர்ப்புரை எழுதுவதில்லை. சமாதானமாகப் போனவை, ஒரு தரப்பு வராமல் முடிந்தவை, எதிர்ப்பே இல்லாத புரோபேட்டுகள் எவையும் அங்கே வராது. தாத்தா வழக்கில் சண்டை ஏதும் இல்லை என்றால் தீர்ப்பு என்று ஒன்று இருந்திருக்கவே இருந்திருக்காது. கட்டு மட்டும்தான் இருக்கும்.

இனி கேள்வி கேட்ட அம்மாவுக்கு. நான் 31 வருடம் வக்கீல் அலுவலகங்களில் குமாஸ்தாவாக இருந்தவன். காகிதக் கட்டைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிய காலத்திலிருந்து கணினிக் காலம் வரை பார்த்தாயிற்று. "இருக்காது" என்று போனில் சொன்னால் அதை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போனில் கேட்டால் யாரும் எழுந்து போய் ஏட்டைப் புரட்டமாட்டார்கள். எழுத்தில் கேளுங்கள். கேட்பவர் யார், இறந்தவர் யார், எந்த ஆண்டு, எதற்காக வேண்டும் என்ற நான்கும் அந்தக் கடிதத்தில் இருக்கவேண்டும்.

புரோபேட் விஷயத்துக்கு இப்போது போகவேண்டிய இடம் குடும்ப நீதிமன்றம். 2014ல் அந்த அமைப்பு வந்த பிறகு உயில், வாரிசு விவகாரம் எல்லாம் அங்கே போய்விட்டன. 50 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட சொத்து என்றால் உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவு. உங்கள் தாத்தா காலத்தில் இந்த ஏற்பாடே கிடையாது. அப்போது உயர் நீதிமன்றமா, அதற்குக் கீழே உள்ளதா என்பது சொத்து மதிப்பைப் பொறுத்தது. அதனால் கடிதத்தில் "இரண்டு இடத்து ஏட்டிலும் பார்க்கவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் பெயரில் கேட்காதீர்கள், அப்பா பெயரில் கேளுங்கள். அவர் மகன், உயிலில் பங்கு உள்ளவர். பேத்தி கேட்டால் "உமக்கு என்ன சம்பந்தம்" என்ற கேள்வி ஒரு சுற்று கூடுதலாக வரும். அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தில் தாத்தாவின் மரணப் பதிவுச் சாற்றை, அதாவது மரணப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் நகலை, வாங்குங்கள். தேதிக்காக மட்டும் சொல்லவில்லை. அதில் அவர் பெயரை எந்த எழுத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். பெயரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது பெரிய கதை.

செம்பவாங் பேத்தி
செவ்வாய், காலை 7.15

ஐயா, நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். இன்றே சாற்றுக்கு விண்ணப்பிக்கிறேன்.

பழைய குமாஸ்தா
செவ்வாய், இரவு 8.50

பெயர்க் கதைக்கு வருகிறேன்.

நம் ஆட்களின் கட்டு கிடைக்காமல் போவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் பெயர்தான். கட்டு தொலைந்திருக்காது. நாம் ஓர் எழுத்தில் தேடுவோம், அது இன்னோர் எழுத்தின் கீழ் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் காலத்தில் தாத்தாமார் தமிழில் பெயர் சொல்வார்கள். எதிரில் இருந்தவர் சீனரோ மலாய்க்காரரோ யூரேசியரோ, காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். கோவிந்தசாமியின் 'சாமி'யை ஒருவர் 'எஸ்ஏஎம்ஒய்' என்று எழுதினார், இன்னொருவர் நடுவில் 'டபிள்யூ' சேர்த்தார். சின்னத்தம்பி 'எஸ்'ஸிலும் இருப்பார், 'சிஎச்'சிலும் இருப்பார். ஞானம் 'ஜி'யில் இருக்கலாம், 'என்'னில் இருக்கலாம். 'எ'வில் தொடங்கும் பெயர் என்றால் ஆங்கில 'இ'யோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லப்பனை 'ஒய்' போட்டுத் தொடங்கி எழுதுவது அன்று சர்வசாதாரணம்.

அடுத்தது தகப்பன் பெயர். முத்துவின் மகன் ராமசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் 'ராமசாமி சன் ஆஃப் முத்து'. சம்பளப் புத்தகத்தில் 'எம். ராமசாமி'. வக்கீல் கடிதத்தில் 'முத்து ராமசாமி'. இந்த மூன்றாவதை ஏட்டில் ஏற்றியவர் முத்துதான் முதற்பெயர் என்று நினைத்து 'எம்'மின் கீழ் வைத்துவிட்டால், 'ஆர்' பக்கத்தை எத்தனை முறை புரட்டினாலும் வராது. இரண்டு பெயரால் அறியப்பட்டவர் என்றால் இரண்டுக்கும் நடுவே '@' குறி போடுவது இங்கே வழக்கம். அதில் எது முதலில் நிற்கிறதோ அங்கேதான் கட்டும் இருக்கும்.

செட்டியார், ராவுத்தர், மரைக்காயர் வீடுகளில் இன்னும் சிக்கல். முதலெழுத்தைத் தமிழ் எழுத்தின் பெயராலேயே சொல்வார்கள்: ஆவன்னா, கானா, மூனா. அதைக் கேட்டு எழுதியவர் அதையே பெயராக்கிவிட்டார். மாட்டு வியாபாரத்தில் பேர் பெற்று காத்தோங்கில் காரைக்கால் மஹால் கட்டினாரே, மூனா காதர் சுல்தான், அவர் பெயரில் நிற்கும் 'மூனா' அப்படிப்பட்டதுதான். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளின் விலாசம், அதாவது கடைப் பெயரான முதலெழுத்துகள், வழக்குத் தலைப்பில் ஆங்கில எழுத்துகளாக மட்டும் நிற்கும். 'செட்டியார்' என்ற சொல்லையே மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே, அம்மா, ஒரு தாளில் தாத்தா பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று எழுதுங்கள். பத்து வந்தாலும் சரி, பதினைந்து வந்தாலும் சரி. அதை அப்படியே கடிதத்தோடு இணையுங்கள். தேடுகிறவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுதான். புரோபேட் ஏட்டில் இறந்தவர் பெயரில்தான் பதிவு இருக்கும், உயிலை நிறைவேற்றியவர் பெயரில் அல்ல. அதையும் மறக்காதீர்கள்.

மைக்ரோபிலிம் வாசகி
செவ்வாய், இரவு 11.30

குமாஸ்தா ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எண் போய்விட்டது என்கிறீர்களே, அதைச் சுற்றிவளைத்துப் பிடிக்க ஒரு வழி உண்டு.

கடன்காரர்கள் யாராவது இருந்தால் இந்தத் தேதிக்குள் வாருங்கள் என்று இறந்தவரின் சொத்து பற்றி வக்கீல்கள் செய்தித்தாளில் சின்ன அறிவிப்பு கொடுப்பது வழக்கம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1974ஆம் ஆண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். 'இன் தி எஸ்டேட் ஆஃப்' என்ற தொடரோடு தாத்தா பெயரில் ஒரு பகுதியை மட்டும் போடுங்கள். முழுப் பெயரும் போட்டால் ஓர் எழுத்து மாறினாலும் நழுவிவிடும். அந்தப் பொடி எழுத்தைக் கணினி பல இடங்களில் தப்பாகப் படித்திருக்கிறது. அதனால் இறந்த தேதியிலிருந்து ஒரு வருட விளம்பரப் பக்கங்களைக் கண்ணால் பார்ப்பதே உத்தமம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

தமிழ்ப் பத்திரிகை என்றால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் போங்கள். 11வது மாடியில் படச்சுருள் வாசிக்கும் கருவிகள் இருக்கின்றன. 1935ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசில் மரண அறிவிப்பு வந்திருந்தால் தாத்தா பெயர் தமிழில் எப்படி அச்சாகியிருக்கிறது என்று தெரியும். என் கொள்ளுப்பாட்டி விஷயத்தில் அந்த ஒரு அறிவிப்புதான் எல்லாவற்றையும் திறந்தது.

உங்களுக்கு வேண்டியதைவிடப் பழையதைத் தேடுகிறவர்கள் இதைப் படித்தால்: இங்கே நீதிமன்றம் 1826ல் வந்த இரண்டாம் நீதிச் சாசனத்தோடு தொடங்குகிறது. பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றுக்கும் அப்போது ஒரே நீதிமன்றம். அதனால் 19ஆம் நூற்றாண்டு வழக்கைச் சிங்கப்பூரில் மட்டும் தேடக்கூடாது. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் தொடங்கி, பழைய நீரிணைக் குடியேற்றச் சட்ட அறிக்கைத் தொகுதிகளுக்குப் போங்கள்.

தேக்கா தம்பி
புதன், பிற்பகல் 1.10

மன்னிக்கவும், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கேட்க வந்தது வேறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சமையலறை புதுப்பிக்க ஒரு குத்தகைக்காரரிடம் முன்பணம் கொடுக்கப்போகிறேன். அவர் மேல் ஏற்கெனவே வழக்கு இருக்கிறதா என்று பார்க்க முடியுமா? நண்பன் ஒருவன் 9,000 வெள்ளி கொடுத்து ஏமாந்திருக்கிறான், அதனால் பயம்.

பழைய குமாஸ்தா
புதன், இரவு 9.15

பார்க்கலாம். ஆனால் எது தெரியும், எது தெரியாது என்று புரிந்துகொண்டு பாருங்கள்.

நண்பர் போன்றவர்கள் போவது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு. 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். வக்கீல் கிடையாது, விசாரணை தனி அறையில். அதன் தீர்ப்பும் பொதுவாக வெளியாவதில்லை. ஒருவர் மேல் அங்கே பத்துப் புகார் போயிருந்தாலும் வெளியாள் கண்ணில் படாது.

அதற்கு மேற்பட்ட சிவில் வழக்குகள், 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 2,50,000 வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். இவற்றில் யார் யார் மேல் வழக்குப் போட்டார் என்பதை நீதிமன்றங்களின் இ-லிட்டிகேஷன் என்ற கணினி முறையில் கட்டணம் கட்டிப் பெயர் போட்டுத் தேடலாம். காஸ் புக் (வழக்குப் பதிவேடு) தேடல் என்பார்கள். நிறுவனம் என்றால் பதிவான பெயரை எழுத்துப் பிசகாமல் போடவேண்டும். பெயரையும் பதிவு எண்ணையும் முதலில், நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நிறுவனத்தை மூடிவிட்டுப் புதுப் பெயரில் தொடங்கியிருந்தால் இயக்குநர் பெயரிலும் தேடவேண்டியிருக்கும்.

வழக்கு எண் கையில் கிடைத்தால் அதைப் படிக்கத் தெரியவேண்டும். முதல் இரண்டு எழுத்து எந்த நீதிமன்றம் என்று சொல்லும்: எச்சி உயர் நீதிமன்றம், டிசி மாவட்டம், எம்சி மாஜிஸ்திரேட். அடுத்து வருவது வழக்கின் வகை. கடைசியில் எண்ணும் ஆண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் புது விதிகள் வந்ததால் வகைப் பெயர் மாறிவிட்டது. முன்பு 'ரிட் ஆஃப் சம்மன்ஸ்' என்றது இப்போது 'ஒரிஜினேட்டிங் கிளெய்ம்'. பழைய எழுத்தை வைத்துக்கொண்டு புது வழக்கைத் தேடினால் கிடைக்காது.

வெளியான தீர்ப்புக்கு வேறு எண். சதுர அடைப்புக்குறிக்குள் ஆண்டு, பிறகு எஸ்ஜிஎச்சி, எஸ்ஜிசிஏ, எஸ்ஜிடிசி போல நீதிமன்றக் குறி, பிறகு வரிசை எண். எஸ்ஜிசிஏ மேல்முறையீட்டு நீதிமன்றம்.

ஒருவர் மேல் வழக்கு இருப்பதாலேயே அவர் தப்பானவர் ஆகிவிடமாட்டார். பணம் கொடுக்காத வாடிக்கையாளர் மேல் அவரே போட்ட வழக்காகவும் இருக்கலாம். யார் வாதி, யார் பிரதிவாதி, எப்படி முடிந்தது என்று பாருங்கள். கேஸ் என்ற பயனீட்டாளர் சங்கம் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள், தம்பி.

இரண்டாம் பக்கம்
வியாழன், காலை 10.40

எனக்கும் ஒரு கேள்வி. என் விவாகரத்து 1993ல் முடிந்தது. அந்தக் காகிதம் என்னிடம் இல்லை. இப்போது மறுமணம் செய்துகொள்ள அது வேண்டும் என்கிறார்கள். வக்கீல் அலுவலகமும் மூடிவிட்டார்கள். என் பெயர் போட்டுத் தேடினால் ஊரெல்லாம் பார்க்கும்படி வருமோ என்று பயந்தே இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

பழைய குமாஸ்தா
வியாழன், மதியம் 12.05

பயப்படாதீர்கள், அம்மா. குடும்ப வழக்குக் கட்டைச் சம்பந்தப்பட்ட இருவரும் அவர்கள் வக்கீல்களும்தான் பார்க்கலாம். வேறு யாருக்கும் நீதிமன்ற அனுமதி வேண்டும். வெளியாகும் குடும்பத் தீர்ப்புகளில்கூடப் பெயர் இராது. கணவனுக்கு மூன்று எழுத்து, மனைவிக்கு மூன்று எழுத்து, அவ்வளவுதான். உங்கள் பெயர் எங்கேயும் தெரியாது.

1996க்கு முன்பு விவாகரத்து உயர் நீதிமன்றத்தில் நடந்தது. அதனால் உங்கள் காகிதத்தின் பெயர் 'டிக்ரி நைசை அப்சல்யூட்' ஆக்கிய சான்றிதழ். இப்போதைய பெயர் 'ஃபைனல் ஜட்ஜ்மெண்ட்' சான்றிதழ். விண்ணப்பத்தில் பழைய பெயரையே எழுதுங்கள், ஆண்டையும் எழுதுங்கள். 'நைசை' மட்டும் கையில் இருந்தால் போதாது, அது இடைக்கால உத்தரவு. 'அப்சல்யூட்' ஆன காகிதம்தான் மறுமணத்துக்குச் செல்லும். கேட்கவேண்டிய இடம் குடும்ப நீதிமன்றம். சான்றிட்ட நகல் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள், வெறும் நகலை ஏற்கமாட்டார்கள்.

கடையநல்லூர்க் குடும்பம்
வியாழன், மாலை 6.30

முஸ்லிம்களுக்கு ஒரு வார்த்தை. ஷரியா முறைப்படி நடந்த விவாகரத்து குடும்ப நீதிமன்ற ஏட்டில் இருக்காது. அது 1958ல் தொடங்கிய ஷரியா நீதிமன்றத்தில் தனியாக இருக்கும். எங்கள் மச்சி இரண்டு மாதம் தவறான இடத்தில் எழுதிக் காத்திருந்தார்.

வாரிசு விஷயத்தில் இரண்டு இடத்துக்கும் போகவேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் வாரிசுரிமைச் சான்றிதழை ஷரியா நீதிமன்றம் தரும். சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரத்தைக் குடும்ப நீதிமன்றம் தரும். ஊரில் ஒன்றைக் காட்டினால் மற்றதைக் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஜூரோங் தொண்டூழியர்
வெள்ளி, இரவு 10.20

இந்த இழை வேறு திசையில் போகிறது என்று தெரியும். ஆனாலும் எழுதவேண்டும் போலிருக்கிறது.

நான் வாரக் கடைசிகளில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் உதவிக்குப் போகிறவன். போன வருடம் வேலையிடத்தில் இறந்துபோன ஒரு தம்பியின் அண்ணன் அறந்தாங்கிப் பக்கமிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "கோர்ட்டில் என் தம்பிக்கு என்ன எழுதினார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும், அண்ணே" என்றார். அவரிடம் இருந்தது மரணச் சான்றிதழின் ஒரு புகைப்படம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எங்கே கேட்பது என்று எனக்கே முதலில் தெரியவில்லை.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இப்படிப்பட்ட மரணங்களை விசாரிப்பவர் மரண விசாரணை அதிகாரி. அரசு நீதிமன்றங்களில், ஹேவ்லாக் ஸ்குவேரில் இருக்கும் அந்த 35 மாடிக் கட்டடத்தில் நடக்கும். இறந்தவரின் நெருங்கிய உறவினர் முடிவறிக்கையின் நகலைக் கேட்டு எழுதலாம். ஊரில் இருப்பவர் இங்கே ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். உறவைக் காட்டும் காகிதம் வேண்டும். குடும்ப அட்டையின் மொழிபெயர்ப்பு எங்களுக்குக் கைகொடுத்தது.

அந்த அறிக்கை யார் குற்றவாளி என்று சொல்லாது. சட்டப்படி அதற்கு அதிகாரம் இல்லை. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்பதைத்தான் சொல்லும். குடும்பத்துக்கு இதை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அறிக்கை கையில் வந்த அன்று இன்னொரு முறை உடைந்துபோவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வேலைக்காய இழப்பீடு கோர ஒரு வருடம்தான் அவகாசம். அது மனிதவள அமைச்சு வழியாகப் போவது, கோர்ட் கட்டு அல்ல. மரண விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. காத்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் முகத்தைப் பார்த்தவன் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகளில் கேட்டால் படிவம் நிரப்ப உதவுவார்கள்.

மைக்ரோபிலிம் வாசகி
வெள்ளி, இரவு 11.02

தவறான திசை இல்லை, அண்ணே. இதை இங்கே எழுதியதற்கு நன்றி.

பத்தோக் அண்ணன்
சனி, காலை 9.00

பேத்திக்கு: கட்டு கிடைத்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. நான் பட்டுக்கோட்டைப் பக்கச் சொத்துக்காக முழுதும் செய்துமுடித்தவன்.

நீதிமன்றத்தில் சான்றிட்ட நகல் வாங்கியதும் அதைச் சிங்கப்பூர் சட்டக் கழகத்துக்கு, அதாவது சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவுக்குக் கொண்டுபோய் அபோஸ்டில் சான்று, அதாவது வெளிநாட்டில் ஏற்கும்படி ஆவணத்துக்குத் தரும் சான்று, வாங்குங்கள். 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூரில் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. இந்தியா 2005லேயே அபோஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. அதனால் கிரேஞ்ச் ரோடு தூதரகத்தில் வரிசையில் நிற்கும் வேலை கிடையாது. ஊரில் இன்னும் சில இடங்களில் "எம்பசி முத்திரை எங்கே" என்று கேட்பார்கள். அபோஸ்டில் பற்றிய இந்திய வெளியுறவு அமைச்சின் பக்கத்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போடாதீர்கள், காட்டுங்கள்.

இரண்டு செட் வாங்குங்கள். ஒன்று ஊர்க் கோப்புக்குள் போனால் திரும்பி வராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே தந்த புரோபேட் ஊர் நிலத்தைத் தானாக உங்கள் பேருக்கு மாற்றாது. அந்த மண்ணுக்கு அந்த ஊர்ச் சட்டம். உயில் உண்மையானது, இன்னார் வாரிசு என்பதற்கு அது பலமான ஆதாரம். மேற்கொண்டு அங்கே ஒரு வக்கீலைப் பிடித்துத்தான் ஆகவேண்டும்.

பழைய குமாஸ்தா
சனி, காலை 9.45

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் ஒன்றைச் சேர்க்கிறேன். நகல் கேட்கும்போது 'கிராண்ட்' (புரோபேட் உத்தரவு) மட்டும் கேட்காதீர்கள். அது ஒரு பக்கம். அதோடு உயிலின் நகலையும், எஸ்டேட் டூட்டி அட்டவணையையும் கேளுங்கள். 2008 பிப்ரவரி 15க்கு முன் இறந்தவர்களுக்கு எஸ்டேட் வரி உண்டு. அதற்காகச் சொத்துப் பட்டியல் கொடுத்திருப்பார்கள். வங்கிக் கணக்கு, சேமநிதி, சீட்டுப் பணம் என்று ஒவ்வொன்றாக இருக்கும்.

உயில் தமிழில் எழுதப்பட்டிருந்தால் கட்டுக்குள் இரண்டு இருக்கும்: தமிழ் மூலம், அதோடு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சான்று தந்த ஆங்கிலம். இரண்டையும் கேளுங்கள். ஊரில் தமிழ் மூலத்தைப் படிப்பார்கள், ஆங்கிலத்தை யார் படிப்பார்?

செம்பவாங் பேத்தி
11 வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.25

கட்டு கிடைத்துவிட்டது.

முதல் கடிதத்துக்குப் பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அப்பா, விடு என்றார். நான் விடவில்லை. மரணப் பதிவுச் சாறு அதற்குள் கைக்கு வந்திருந்தது. அதில் தாத்தா பெயரின் எழுத்து எங்கள் அடையாள அட்டைகளில் இருப்பது போலவே இல்லை. குமாஸ்தா ஐயா சொன்னபடி 14 விதமாகப் பெயரை எழுதி, சாற்றின் நகலையும் கிழிந்த வக்கீல் கடிதத்தின் நகலையும் சேர்த்து, அப்பா கையெழுத்தோடு திரும்பவும் அனுப்பினேன். ஐந்தாவது வாரம் போன் வந்தது. பேசிய பெண் மிகவும் பொறுமையாக, "உங்கள் பட்டியலில் இருந்த ஒன்றில் இருக்கிறது" என்றார்.

மொத்தம் 19 பக்கம். ஓரமெல்லாம் கறுத்த பிரதி. உயில் தமிழில்தான். கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதியிருக்கிறார்கள். தாத்தா கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவர் படிக்காதவர் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். சாட்சி இருவர். ஒருவர் கையெழுத்து, மற்றவர் பெருவிரல் ரேகை. எஸ்டேட் அட்டவணையில் அஞ்சலகச் சேமிப்பு, சேமநிதி, அப்புறம் ஒரு சைக்கிள். அதற்கும் விலை போட்டிருக்கிறார்கள். அப்பா அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார். அந்தச் சைக்கிளில்தான் அவரைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டாராம்.

இரண்டு செட் வாங்கிவிட்டேன், பத்தோக் அண்ணா. புதன்கிழமை அபோஸ்டில்.

பழைய குமாஸ்தா
ஞாயிறு, மாலை 6.10

படித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப சந்தோஷம், அம்மா. அப்பாவுக்கு என் வணக்கம். எந்த எழுத்தில் இருந்தது?

செம்பவாங் பேத்தி
ஞாயிறு, மாலை 6.14

தாத்தா பெயர் 'எ'வில் தொடங்கும், ஐயா. கட்டு 'ஒய்'யில் இருந்தது.